வாசகர் கேள்வி பதில்: சராசரி, இடைநிலை, முகடு

கடலூர், புதுச்சேரிப் பகுதி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் ஒரே பொருளைச் சுற்றி வந்தவற்றை இந்த இதழில் சேர்த்து எடுத்துக்கொண்டிருக்கிறேன். பல எண்கள் இருக்கும் இடத்தில் அவற்றின் சார்பாக ஒரே ஓர் எண்ணை நிறுத்த வேண்டுமானால் எந்த எண்ணை நிறுத்துவது என்பதே அந்தப் பொருள். விடைகளில் வரும் கூலிக் கணக்கும் விலைக் கணக்கும் விளக்கத்துக்காக நான் அமைத்தவை. மழையளவும் தேர்வு மதிப்பெண்ணும் பதிவில் உள்ளவை.

ஒன்பதாம் வகுப்பில் கூட்டுச் சராசரி, இடைநிலை அளவு, முகடு ஆகிய மூன்றையும் மையப்போக்கு அளவைகள் என்று நடத்துகிறேன். மூன்றையும் கண்டுபிடிக்க மாணவர்களுக்குத் தெரிகிறது. எந்த இடத்தில் எதைப் பயன்படுத்துவது என்று கேட்டால் விழிக்கிறார்கள். பேச்சில் எல்லாவற்றுக்கும் ‘ஆவரேஜ்’ என்றே சொல்லிவிடுகிறோம். எப்படி விளக்கலாம்?
– கணித ஆசிரியை, நெல்லிக்குப்பம்

உங்கள் மாணவர்கள் விழிப்பதற்குக் காரணம் உண்டு. பாடத்தில் ஓர் எண்தொகுதியைக் கொடுத்து மூன்றையும் கண்டுபிடிக்கச் சொல்கிறோமே தவிர, அந்த எண்கள் எதைக் குறிப்பவை, அவற்றை வைத்து யார் என்ன முடிவெடுக்கப் போகிறார் என்பதைச் சொல்வதில்லை. தேவை என்னவென்று தெரியாமல் கணக்கை மட்டும் செய்யும்போது மூன்று விடைகளும் ஒன்றுபோலத்தான் தோன்றும்.

தேவனாம்பட்டினத்திலிருந்து கடலுக்குப் போகும் ஒரு படகில் வேலை செய்பவருக்கு ஏழு நாட்களில் பங்காகக் கிடைத்த தொகை ரூபாய் 500, 700, 400, 7600, 600, 500, 900 என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்காம் நாள் வஞ்சிரம் நிறையக் கிடைத்ததால் அன்று மட்டும் பங்கு உயர்ந்திருக்கிறது. மொத்தம் 11,200 ரூபாய். ஏழால் வகுத்தால் 1600. இது கூட்டுச் சராசரி. ஏழு தொகைகளையும் ஏறுவரிசையில் நிறுத்தினால் 400, 500, 500, 600, 700, 900, 7600 என்று வரும். நடுவில் நிற்கும் 600 இடைநிலை அளவு. அதிக முறை வந்திருப்பது 500, அது முகடு.

இப்போது மாணவர்களிடம் கேளுங்கள்: இவர் வாரக் கடைசியில் ஒரு கடன் தவணை கட்ட வேண்டும், கட்ட முடியுமா? இந்தக் கேள்விக்கு மொத்தம் தேவை. மொத்தத்தை மீட்டுத் தரக்கூடிய எண் சராசரி ஒன்றுதான், ஏனென்றால் 1600-ஐ ஏழால் பெருக்கினால் 11,200 திரும்பக் கிடைக்கும், 600-ஐயோ 500-ஐயோ பெருக்கினால் கிடைக்காது. அடுத்த கேள்வி: நாளைக்கு வீட்டுச் செலவுக்கு எவ்வளவு வரும் என்று இவருடைய மனைவி எதிர்பார்க்கலாம்? இங்கே 1600 என்று சொன்னால் அந்தக் குடும்பத்தை ஏமாற்றியதாகும். ஏழில் ஆறு நாட்கள் அதைவிட மிகக் குறைவாகத்தான் வந்திருக்கிறது. 600 என்பதே பொருத்தமான விடை, அதற்குக் குறைந்த நாட்களும் மூன்று, கூடிய நாட்களும் மூன்று. இனி 7600-ஐ அழித்து 15,000 என்று எழுதச் சொல்லுங்கள். சராசரி 2600-ஐத் தாண்டிவிடும். இடைநிலை 600-ஐ விட்டு அசையாது. இந்த ஒரு செய்கையைத் தங்கள் கையாலேயே செய்து பார்த்த மாணவர், ஓரத்தில் நிற்கும் ஒரு பெரிய எண் சராசரியைத் தன் பக்கம் இழுக்கும், இடைநிலையை இழுக்காது என்பதை மறக்கமாட்டார்.

மாணவர்கள் அடிக்கடி தவறும் இடம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எண்களை வரிசைப்படுத்தாமல், கொடுத்த வரிசையிலேயே நடுவில் இருப்பதை எடுத்துவிடுகிறார்கள். மேலே உள்ள கணக்கில் அப்படி எடுத்தால் 7600 வரும். வேண்டுமென்றே அந்த எண்ணை நான்காம் இடத்தில் வைத்திருக்கிறேன்.

முகடு என்பது மூன்று மடங்கு இடைநிலையிலிருந்து இரண்டு மடங்கு சராசரியைக் கழித்தால் கிடைப்பது என்று ஒரு சூத்திரம் பாடநூல்களில் உண்டு. அது புள்ளியியல் அறிஞர் கார்ல் பியர்சன் காலத்திலிருந்து வரும் அனுபவ விதி. எண்கள் ஓரளவுக்குச் சமச்சீராகப் பரவியிருந்தால் மட்டுமே ஏறத்தாழப் பொருந்தும். நம் படகுக் கணக்கில் அதைப் போட்டுப் பாருங்கள்: 1800-இலிருந்து 3200-ஐக் கழித்தால் −1400 வருகிறது. கூலியில் எதிர்மறை எண் இருக்க முடியாது. சூத்திரத்தை மனப்பாடமாக எழுதவைப்பதற்கு முன் இந்த எல்லையையும் சொல்லித்தருவது நல்லது என்பது என் உறுதியான கருத்து.

வானிலைச் செய்தியில் ‘இயல்பைவிட இத்தனை சதவீதம் அதிகம்’ என்கிறார்கள். இயல்பு மழை என்றால் வழக்கமாகப் பெய்யும் மழை என்று பொருளா, சராசரி என்று பொருளா?
– வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

சராசரி என்றே பொருள். வானிலைத் துறை ‘இயல்பு’ என்று சொல்வது, ஓர் இடத்தில் பல பத்தாண்டுகளாக ஒரு குறிப்பிட்ட காலப்பகுதியில் பெய்த மழையைக் கூட்டி, ஆண்டுகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பெற்ற எண். எடுத்துக்காட்டாக, நாடு முழுமைக்குமான தென்மேற்குப் பருவமழைக்கு இந்திய வானிலைத் துறை இப்போது கொள்ளும் அளவு, 1971 முதல் 2020 வரையிலான 50 ஆண்டுகளின் சராசரியான 87 செ.மீ. மாவட்ட அளவில் இயல்புக்குக் கீழே 19 சதவீதம் வரையிலும் மேலே 19 சதவீதம் வரையிலும் பெய்தால் அதை ‘இயல்பு’ வகையிலேயே சேர்ப்பார்கள்; 20 முதல் 59 சதவீதம் வரை கூடினால் ‘அதிகம்’, அதே அளவு குறைந்தால் ‘பற்றாக்குறை’. ஆகவே ஒரே சொல் இரண்டு வேலை செய்கிறது. ஒரு தனி எண்ணையும் குறிக்கிறது, அந்த எண்ணைச் சுற்றியுள்ள ஒரு வரம்பையும் குறிக்கிறது. செய்தியைக் கேட்கும்போது எந்தப் பொருளில் சொல்கிறார்கள் என்று கவனிக்க வேண்டும்.

நீங்கள் கேட்டது இதைவிட ஆழமான கேள்வி என்று நினைக்கிறேன்: அந்தச் சராசரி மழை, வழக்கமாகப் பெய்யும் மழைதானா? நம் கடற்கரையில் இல்லை என்றே சொல்ல வேண்டும்.

முதலில் நாட்கணக்கைப் பாருங்கள். புதுச்சேரியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 130 செ.மீ. மழை பெய்கிறது. 365 நாட்களுக்குப் பங்கிட்டால் ஒரு நாளுக்கு மூன்றரை மில்லிமீட்டர் வரும். ஆனால் ஆண்டில் பாதிக்கும் மேற்பட்ட நாட்களில் இங்கே மழையே இல்லை என்பதால், அன்றாட மழையின் இடைநிலை அளவு சுழியம். அதிக முறை வரும் மதிப்பான முகடும் சுழியம். மூன்றரை மில்லிமீட்டர் என்ற எண் ஏரிக்கு வரும் மொத்த நீரைக் கணக்கிடப் பயன்படுமே தவிர, நாளைக்குக் குடை வேண்டுமா என்பதைச் சொல்லாது.

அடுத்து ஆண்டுக்கணக்கு. நம் மழையில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் வருகிறது. அதிலும் ஓரிரண்டு புயல்களும் காற்றழுத்தத் தாழ்வுகளும் நமக்கு நேராகக் கரையைத் தொடுகின்றனவா, வடக்கே விலகிப் போகின்றனவா என்பதைப் பொறுத்தே அந்த ஆண்டு அமைகிறது. 2024 நவம்பர் 30-ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது, மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் இங்கே 48 செ.மீ.-க்கு மேல் கொட்டியது; ஓராண்டு மழையில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகம். 2015 நவம்பரில் நெய்வேலியிலும் ஒரே நாளில் 48 செ.மீ. அளவுக்குப் பெய்து, கடலூர் மாவட்டம் வெள்ளத்தில் மூழ்கியதை இப்பகுதியில் யாரும் மறந்திருக்க முடியாது. இப்படிப்பட்ட ஒரே ஒரு நாள், 30 ஆண்டுச் சராசரியைத் தனியாகவே 1.6 செ.மீ. உயர்த்திவிடும். சில ஆண்டுகளின் பெருமழை சராசரியை மேலே தூக்கி வைப்பதால், பொதுவாகப் பாதிக்கு மேற்பட்ட ஆண்டுகளில் மழை அந்தச் சராசரியை எட்டாமலே போகும். ‘இந்த ஆண்டும் இயல்பைவிடக் குறைவு’ என்று அடிக்கடி கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம். மழை குறைந்துகொண்டே போகிறது என்பதற்கு அது தனியாகச் சான்றாகாது.

வீராணம், ஊசுட்டேரி, பாகூர் போன்ற ஏரிகளின் நெடுங்கால நீர்வரத்தைக் கணக்கிடுபவருக்குச் சராசரி வேண்டும். எத்தகைய ஆண்டை எதிர்பார்த்து என்ன பயிர் வைப்பது என்று யோசிக்கும் உழவருக்கு இடைநிலை அளவுதான் நெருக்கமானது, வானிலைச் செய்திகளில் அதையும் சேர்த்துச் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும். தெருவில் வடிகால் அமைப்பவருக்கு இரண்டுமே போதாது. அவர் பார்க்க வேண்டியது பெருமழை நாட்களின் அளவுகளையும் அவை எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வருகின்றன என்பதையும்.

வெப்பநிலையைப் பற்றியும் ஒரு சொல். ஒரு நாளின் சராசரி வெப்பநிலை என்று பட்டியல்களில் வருவது பெரும்பாலும் அன்றைய அதிகபட்சத்தையும் குறைந்தபட்சத்தையும் கூட்டி இரண்டால் வகுத்த எண்ணே. மணிக்கு மணி அளந்து எடுத்த சராசரி அன்று. இரு முனைகளுக்கு நடுப்புள்ளி என்று அதைப் புரிந்துகொள்ளலாம்.

மணிலா (நிலக்கடலை) விற்கப் போகும் முன் விருத்தாசலம் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தின் விலையைக் கைபேசியில் பார்க்கிறேன். குறைந்த விலை, கூடிய விலை, ‘மோடல்’ விலை என்று மூன்று எண்கள் வருகின்றன. மோடல் விலை என்பது சராசரி விலையா? முதல் இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் அந்த எண் வருவதில்லையே?
– விவசாயி, விருத்தாசலம் வட்டம்

வராது, ஐயா, வரவேண்டிய கட்டாயமும் இல்லை. ஒன்றிய அரசின் அக்மார்க்நெட் பட்டியலில் அன்றைய மிகக் குறைந்த விலை, மிக உயர்ந்த விலை, அதிக அளவில் படிந்த விலை ஆகிய மூன்றையும் தருகிறார்கள். மூன்றாவதுதான் மோடல் விலை, அதாவது கணக்குப் பாடத்தில் முகடு எனப்படுவது.

மறைமுக ஏலத்தில் எட்டுக் குவியல்கள் குவிண்டாலுக்கு ரூபாய் 5200, 6800, 6900, 6900, 6900, 7000, 7100, 7600 என்று போயிருப்பதாகக் கொள்வோம். 5200-க்குப் போனது ஈரம் காயாத குவியல். 7600-க்குப் போனது நன்கு காய்ந்து, பருப்புத் திரட்சியாக இருந்த குவியல். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 6400 வருகிறது. அந்த விலையில் அன்று ஒரு மூட்டைகூட விற்கவில்லை, அதற்கு அருகில்கூட விற்கவில்லை. எட்டையும் கூட்டி வகுத்த சராசரி 6800. முகடு 6900, இடைநிலையும் 6900. உங்களுடைய மணிலா குறை சொல்ல முடியாத நடுத்தரச் சரக்கு என்றால் நீங்கள் எதிர்பார்க்க வேண்டியது 6900-ஐ. முனைகளை வைத்துப் பாதி போட்டு 6400 போதும் என்று மனத்தைத் தயார்செய்துகொண்டு போனால், குவிண்டாலுக்கு 500 ரூபாயை நீங்களே விட்டுக்கொடுத்தவர் ஆவீர்கள். இதனால்தான் விற்கப் போகிறவருக்கு முகடு சிறந்த வழிகாட்டி என்று சொல்கிறேன். ஈரமான ஒரு குவியலும் அபூர்வமான ஒரு குவியலும் அதைத் தொடுவதில்லை.

ஒன்றைக் கவனியுங்கள். வரத்து மிகக் குறைந்த நாளில், நான்கைந்து குவியல்களே வந்திருக்கும்போது, முகடு நம்பத்தக்கதாக இருக்காது. இரண்டு குவியல்கள் தற்செயலாக ஒரே விலைக்குப் போனாலே அது முகடாகிவிடும். அப்படிப்பட்ட நாட்களில் வரத்து எத்தனை குவிண்டால் என்பதையும், முன்பின் நாட்களின் விலையையும் சேர்த்துப் பாருங்கள்.

விற்று முடித்த பிறகு, ‘எனக்கு என்ன விலை கிடைத்தது’ என்று கணக்கெழுதும்போது தேவைப்படுவது வேறொன்று. 10 மூட்டையை 7600 விலையிலும் 90 மூட்டையை 6600 விலையிலும் விற்றவர், இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி 7100 என்று எழுதினால் கணக்கு உதைக்கும். ஒவ்வொரு விலையையும் அந்த விலையில் போன மூட்டைகளால் பெருக்கி, கூட்டி, மொத்த மூட்டைகளால் வகுக்க வேண்டும், 6700 வரும். இதற்கு நிறையிட்ட சராசரி என்று பெயர். கூட்டுறவுச் சங்கம் பலருடைய சரக்கை ஒன்றாக விற்றுப் பணத்தைப் பிரிக்கும்போது இந்தச் சராசரியே நியாயமானது.

கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போய், நெரிசலால் 30 கி.மீ. வேகத்தில் திரும்பினேன். சராசரி வேகம் 45 என்றேன்; மகள் 40 என்கிறாள்.
– வாசகர், மஞ்சக்குப்பம்

மகள் சொல்வதே சரி. தொலைவு 24 கி.மீ. என்று கொண்டால் போக 24 நிமிடம், வர 48 நிமிடம். 48 கி.மீ.-ஐ 72 நிமிடத்தில் கடந்திருக்கிறீர்கள், மணிக்கு 40 கி.மீ. தொலைவு எதுவானாலும் இதே விடைதான் வரும். மெதுவான பயணத்தில் அதிக நேரம் செலவாவதால் அதன் பங்கு கூடுகிறது. தொலைவுகள் சமமாக இருந்து வேகங்கள் மாறும்போது எடுக்க வேண்டியது இசைச் சராசரி. ஒரு மணி நேரம் 60-இலும் ஒரு மணி நேரம் 30-இலும் ஓட்டியிருந்தால் 45 சரியாகியிருக்கும்.

இதே இனத்தில் பெருக்குச் சராசரி என்றும் ஒன்று உண்டு. 100 ரூபாய் முதலீடு ஓராண்டு 50 சதவீதம் ஏறி மறுஆண்டு 50 சதவீதம் இறங்கினால், சராசரி மாற்றம் சுழியம் என்று தோன்றும். கையில் இருப்பதோ 75 ரூபாய். ஏற்ற இறக்கங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பெருகும் இடங்களில், எண்களைக் கூட்டாமல் பெருக்கி மூலம் காணும் பெருக்குச் சராசரியைத்தான் எடுக்க வேண்டும். இங்கே அது ஆண்டுக்கு 13 சதவீதத்துக்குச் சற்று அதிகமான இழப்பைக் காட்டும்.

நீட் தேர்வில் பொதுப்பிரிவினருக்கு 50-ஆவது ‘பர்சென்டைல்’ தேவை என்கிறார்கள். அது 720-இல் 360 மதிப்பெண்ணா? என் மகன் ஜிப்மரில் சேர விரும்புகிறான்.
– வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

360 அன்று, அம்மா. சதவீதம் வேறு, நூற்றுமானம் (பர்சென்டைல்) வேறு. சதவீதம் என்பது உங்கள் மகன் எடுத்த மதிப்பெண்ணை மொத்த மதிப்பெண்ணோடு ஒப்பிடுவது. நூற்றுமானம் என்பது அவருடைய இடத்தைத் தேர்வெழுதிய மற்றவர்களோடு ஒப்பிடுவது. 50-ஆவது நூற்றுமானம் என்றால் தேர்வெழுதியவர்களில் பாதிப்பேர் அந்த மதிப்பெண்ணுக்குக் கீழே இருக்கிறார்கள் என்று பொருள். வேறு சொற்களில், அது எல்லாருடைய மதிப்பெண்களின் இடைநிலை அளவு. 2023-இல் அது 720-க்கு 137-ஆக இருந்தது, 2025-இல் 144. வினாத்தாளின் கடினத்தைப் பொறுத்தும் எழுதியவர்களைப் பொறுத்தும் ஆண்டுதோறும் மாறும்.

இதிலிருந்து இரண்டு செய்திகள் தெரிகின்றன. பாதிப்பேர் இடைநிலைக்குக் கீழே இருப்பது எந்த ஆண்டிலும் தவிர்க்க முடியாதது; எல்லாரும் நன்றாக எழுதினாலும் இடைநிலை மேலே நகருமே தவிர, கீழே இருப்பவர்களின் பங்கு குறையாது. ஆகவே ‘பாதிக்குக் கீழே’ என்பதை மட்டும் வைத்து ஒரு மாணவருக்குப் பாடம் தெரியாது என்று முடிவு கட்டக் கூடாது. இரண்டாவது, இந்த அளவு கலந்தாய்வுக்குத் தகுதி தருவது மட்டுமே. 2020 முதல் ஜிப்மரின் எம்.பி.பி.எஸ். சேர்க்கையும் நீட் மதிப்பெண் வழியாகவே நடக்கிறது. அங்கே இடம் கிடைக்க வேண்டிய மதிப்பெண் நடுவில் இல்லை, வரிசையின் உச்சியில் இருக்கிறது. தகுதி மதிப்பெண்ணைப் பார்த்து மகனுக்கு நம்பிக்கை ஊட்டிவிடாதீர்கள். முந்தைய ஆண்டுகளில் அந்தக் கல்லூரியில் கடைசியாகச் சேர்ந்தவரின் தரவரிசையைப் பாருங்கள்.

விடுதலை கிடைத்த காலத்தில் இந்தியரின் சராசரி ஆயுள் 32 ஆண்டு என்று படித்தேன். எங்கள் குடும்பத்திலும் தெருவிலும் அந்தத் தலைமுறையினர் பலர் எழுபது, எண்பது வயது வரை வாழ்ந்தார்கள். அந்தக் கணக்கு எப்படிப் பொருந்தும்?
– ஓய்வுபெற்ற எழுத்தர், சிதம்பரம்

இரண்டும் உண்மை. அக்காலத்தில் பச்சிளம் குழந்தைகளும் சிறுவர்களும் இறப்பது மிக அதிகம். அம்மை, காலரா, மலேரியா, பிரசவத்தில் நேரும் ஆபத்துகள் என்று காரணங்கள் பல. பத்துக் குழந்தைகளில் நான்கு ஒரு வயதிலேயே இறந்து, மீதி ஆறும் 60 வயது வரை வாழ்ந்ததாக ஒரு கணக்கு போடுங்கள். கூட்டினால் 364, பத்தால் வகுத்தால் 36.4. அந்தப் பத்துப் பேரில் முப்பத்தாறு வயதில் இறந்தவர் ஒருவர்கூட இல்லை. அவர்களின் இடைநிலையும் முகடும் 60.

சராசரி ஆயுள் 32 என்பதை, மக்கள் முப்பதுகளில் முதுமை எய்தினார்கள் என்று வாசிப்பது பெரும்பிழை. அந்த எண் பெரும்பாலும் தொட்டிலில் நேர்ந்த இழப்பைச் சொல்கிறது. உண்மையில் பெரியவர்களின் வாழ்வை அறிய வேண்டுமென்றால், இருபது வயதை அடைந்தவர் மேலும் எத்தனை ஆண்டு வாழ எதிர்பார்க்கலாம் என்று தனியாகக் கேட்க வேண்டும். மக்கள்தொகை அறிஞர்கள் ஒவ்வொரு வயதுக்கும் அப்படி அட்டவணை வைத்திருக்கிறார்கள். உங்கள் நினைவில் உள்ள முதியவர்கள் குழந்தைப் பருவத்தைத் தாண்டி வந்தவர்கள்; தாண்டாத அவர்களுடைய உடன்பிறப்புகளை நீங்கள் பார்த்திருக்க வாய்ப்பில்லை.

செருப்புக் கடை வைத்திருக்கிறேன். சராசரி அளவைப் பார்த்துச் சரக்கு எடுக்கலாமா?
– வணிகர், புதுச்சேரி

வேண்டாம். அளவு 6-உம் 9-உம் அதிகம் விற்கும் கடையில் சராசரி ஏழரை என்று வரலாம், ஏழரையை யாரும் கேட்கமாட்டார்கள். உங்களுக்கு வேண்டியது முகடு. ஆண்கள், பெண்கள், சிறுவர் என்று தனித்தனியாகப் பாருங்கள். நிறம், வார் வகை போன்றவற்றைக் கூட்டவும் முடியாது, வரிசைப்படுத்தவும் முடியாது என்பதால் அங்கே முகட்டைத் தவிர வேறு அளவையே கிடையாது.

எல்லா அளவிலும் சராசரியாக இருக்கும் மனிதரைத் தேடுவதும் வீண். 1950 அளவில் அமெரிக்க விமானப்படையில் கில்பர்ட் டேனியல்ஸ் என்பவர் 4063 விமானிகளின் உடலளவுகளில் பத்தை எடுத்து ஆராய்ந்தார். பத்திலும் சராசரியை ஒட்டிய நடுவரம்புக்குள் வந்த விமானி ஒருவரும் இல்லை. இருக்கையை நகர்த்தி அமைத்துக்கொள்ளும் வசதி விமானங்களில் வற்புறுத்தப்பட்டதற்கு அந்த ஆய்வும் ஒரு காரணம்.

இவற்றைப் பார்த்தால் சராசரியை நம்பவே கூடாது, எப்போதும் இடைநிலையையே எடுக்க வேண்டும் என்று தோன்றுகிறது. சரியா?
– கல்லூரி மாணவர், லாஸ்பேட்டை

சரியன்று. சராசரியின் மேல் நியாயமற்ற ஐயம் பரவிவருவதை நானும் கவனிக்கிறேன். ஒரு பழைய நிகழ்ச்சியைச் சொல்கிறேன். இங்கிலாந்தின் பிளிமத் நகரக் கண்காட்சி ஒன்றில், ஒரு மாட்டைப் பார்த்து, அறுத்துச் சுத்தம் செய்த பின் அதன் எடை எவ்வளவு இருக்கும் என்று ஊகிக்கும் போட்டி நடந்தது. மக்கள் எழுதிக்கொடுத்த சீட்டுகளில் 787-ஐ ஆங்கிலேய அறிவியலாளர் பிரான்சிஸ் கால்டன் ஆராய்ந்து, 1907-இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார். ஒருவருக்கு ஒரு வாக்கு என்பதுபோல ஒவ்வொரு ஊகமும் சமமாக நிற்க வேண்டும், கிறுக்குத்தனமான ஓர் ஊகம் முடிவைக் கெடுக்கக் கூடாது என்பதற்காக அவர் இடைநிலையை எடுத்தார். அது 1207 பவுண்டு. உண்மை எடை 1198. சராசரி என்ன என்று பின்னர் கேட்கப்பட்டபோது அவர் தந்த விடை 1197. இடைநிலையைவிடச் சராசரி நெருங்கி நின்றது.

காரணம், அங்கே பிழைகள் இரு பக்கமும் ஏறத்தாழச் சமமாகப் பரவியிருந்தன. கூடுதலாக ஊகித்தவரும் குறைவாக ஊகித்தவரும் ஒருவரையொருவர் ஈடுசெய்தார்கள். அப்படிப்பட்ட இடத்தில் சராசரி ஒவ்வோர் எண்ணிலும் உள்ள செய்தி முழுவதையும் பயன்படுத்துகிறது; இடைநிலையோ நடுவில் நிற்பவரை மட்டும் பார்த்துவிட்டு, மற்றவர் எவ்வளவு தொலைவில் நிற்கிறார் என்பதை விட்டுவிடுகிறது. ஆய்வகத்தில் ஒரே நீளத்தைப் பலமுறை அளக்கும்போது சராசரியை எடுங்கள். வருமானம், நிலவுடைமை, வீட்டு விலை போல ஒரு பக்கம் நீண்டு போகும் எண்களுக்கு இடைநிலையை எடுங்கள். தனிநபர் வருமானம் என்று அரசு வெளியிடுவது மொத்த வருமானத்தை மக்கள்தொகையால் வகுத்த சராசரி என்பதால், நடுத்தரக் குடும்பத்தில் ஓர் ஆளுக்குக் கிடைப்பது அதைவிடக் குறைவாகவே இருக்கும். இயன்றபோது இரண்டையும் எழுதுங்கள். இரண்டுக்கும் இடைவெளி பெரிதாக இருந்தால் அந்த இடைவெளியே ஒரு செய்தி.

முகடு இரண்டு வந்தால் எதை எழுதுவது? இரண்டையும் கூட்டிப் பாதியாக்கலாமா?
– மாணவி, பண்ருட்டி

இரண்டையும் எழுத வேண்டும், பாதியாக்கக் கூடாது. இடைநிலையில் எண்களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருந்தால் நடுவில் நிற்கும் இரண்டையும் கூட்டிப் பாதியாக்குகிறோம்; அந்த வழக்கம் முகட்டுக்குப் பொருந்தாது. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே ஓடும் பேருந்துகளில் காலை எட்டரை மணிக்கும் மாலை நான்கரை மணிக்கும் கூட்டம் உச்சத்தில் இருக்கிறது என்று கொண்டால், இரண்டுக்கும் நடுவே வருவது பகல் பன்னிரண்டரை. அந்த நேரத்துக்குக் கூடுதல் பேருந்து விட்டால் காலியாகத்தான் ஓடும். இரண்டு முகடுகள் தெரியும்போது, பெரும்பாலும் இரண்டு வெவ்வேறு கூட்டங்கள் ஒரே பட்டியலில் கலந்திருக்கின்றன என்று பொருள். இங்கே போகிறவர்களையும் திரும்புகிறவர்களையும் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனியாக முகடு காணுங்கள்.